நான்கு சில்லும் நம் நிதானமும்

பாடம் முடிந்து வகுப்பறையை விட்டு வெளியேறும் வேளையில், கல்முனை மாணவர் ஒருவர் என்னை அணுகினார். “சேர், எங்கள் வாப்பா வட்டைக்குப் போய்வர ஒரு ஜீப் வாங்கப் போகிறார். நானும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். லீவு நாள்களில் மணலிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டிப் பழக ஆசை. எந்த வண்டி நல்லது?” என்று கேட்டார். பாடத்தில் ஐயம் கேட்டிருந்தால் இரண்டு வாக்கியத்தில் தீர்த்திருப்பேன். இக்கேள்விக்கோ ஒரு கட்டுரையளவு விடை வேண்டியிருந்தது. அவருக்குக் கூறியதையே வாசகர்களுக்கும் கூறுகிறேன்.

போரில் பிறந்தது, வயலுக்கு வந்தது

நான்கு சில்லுக்கும் வலுவூட்டும் சிறு வண்டியை உலகறியச் செய்தது இரண்டாம் உலகப் போர். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு கம்பனிகளும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் ஓய்ந்ததும் அவற்றுட் பல உழவர் கைக்கு வந்தன. இங்கிலாந்தின் ரோவர் கம்பனிப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ் என்பாரும் தம் பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றையே ஓட்டிவந்தார். அதனினும் நல்லதொன்றை நாமே செய்யலாமே என எண்ணி, 1947 இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை மணலில் அதன் உருவைத் தமையனாருக்கு வரைந்து காட்டினாராம். அதுவே 1948 ஏப்ரல் 30 ஆம் நாள் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் என்னும் பெயருடன் வெளிவந்தது. ஆகவே, இவ்வண்டியை வயலுக்கென வாங்கும் நம்மூர்ப் போடியார் எவரும் அதன் பிறவி நோக்கத்தையே நிறைவேற்றுகிறார் எனலாம்.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண மோட்டார் வண்டியில் எஞ்சினின் வலு இரண்டு சில்லுகளுக்கே செல்கிறது. அவ்விரண்டும் சேற்றில் வழுக்கினால் மற்றிரண்டும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். ஜீப்பிலோ, கியர்ப் பெட்டியை அடுத்துள்ள இன்னொரு சிறு பெட்டி வலுவை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்தளிக்கிறது. அப்பெட்டியிலே தாழ்கியர் என்ற ஒன்றும் உண்டு. வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்குவது அதன் தொழில்.

வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடப் பெரிய வட்டத்தில் ஓடவேண்டும். இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்பட்டிருந்தால், மணலில் சில்லு சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் வீதியிலோ வழுக்க இடமில்லை. பல்லும் அச்சும் முறுகும். ஆகவே, இவ்வகை வண்டியைத் தார் வீதியில் இருசில்லு வலுவிலேயே ஓட்டவேண்டும். அச்சுகளுக்கிடையே ஈடுசெய் பற்சக்கரத் தொகுதியொன்றைக் கொண்டு, எப்போதும் நான்கு சில்லாலும் ஓடும் வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது.

உகந்தை வழியில் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், நிந்தவூர் நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பில் பாணமையைக் கடந்து உகந்தை முருகன் ஆலயத்துக்குச் சென்றேன். வழியில் ஓரிடத்தில் வண்டியை மணலில் இறக்கினோம். நண்பர் நாற்சில்லு நெம்பை இழுத்துவிட்டு, “சேர், இனிப் பயமில்லை” என்றார். பத்து யார் செல்லுமுன் பின்சில்லுகள் அச்சுவரை புதைந்தன. அவ்வழியே வந்த மீனவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். முன்சில்லுகளின் நடுவிலுள்ள பூட்டை நாங்கள் திருப்பவேயில்லை! நாற்சில்லு வண்டி இருசில்லு வண்டியாகவே ஓடியிருக்கிறது. பூட்டைத் திருப்பி, டயர்களின் காற்றை முப்பது இறாத்தலிலிருந்து பதினெட்டுக்கு இறக்கியதும், டயர் அகன்று மணலில் மிதந்தாற்போல் ஏறியது. தார் வீதிக்கு மீளுமுன் காற்றை மீண்டும் நிரப்புவது இன்றியமையாதது. குறைந்த காற்றுடன் விரைந்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

வாங்குவோர் கவனிக்க

முதலில், ஆண்டில் எத்தனை நாள் தார் வீதியை விட்டு இறங்குவோம் என்று கணக்கிடுங்கள். மழைக்கால வழுக்கலுக்கு மட்டுமாயின், தானாகவே நான்கு சில்லுக்கும் வலுவைப் பகிரும் கார் போதும். வயற்சேறும் காட்டுப் பாதையும் அன்றாடமாயின், ஏணிபோன்ற உருக்கு அடிச்சட்டமும் தாழ்கியரும் உள்ள வண்டியே தகும். பருமனைக் கண்டு மயங்காதீர். 1970 இல் தொடங்கிய சுசுக்கி ஜிம்னி வரிசை சிறியது; பாரம் குறைந்ததாதலால் மணலில் எளிதிற் புதையாது. டொயோட்டா லாண்ட் குரூசர் குடும்பத்தையும் சுமையையும் தாங்கும். அதற்கேற்ப எண்ணெயும் குடிக்கும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாம் வரிசையில் நின்ற நாள்களை மறக்கலாகாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. ஆதலால் பழைய வண்டியை நாடுவோர் பலர். அவர்கள் மேற்பூச்சைப் பாராது, வண்டியின் அடியிற் படுத்து அடிச்சட்டத்தைப் பார்க்கவேண்டும்; நம் கடற்கரையின் உப்புக் காற்று உருக்கை அரித்துவிடும். அடிச்சட்ட இலக்கம் பதிவுப் புத்தகத்துடன் ஒத்திருக்கிறதா என்பதையும், உதிரிப்பாகம் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கிடைக்குமா என்பதையும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக்கொண்டு விசாரித்தல் நலம்.

நீரின் கணக்கு

இனிக் கூறுவதே எல்லாவற்றினும் முக்கியமானது. 2024 நவம்பர் 26 ஆம் நாள், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருந்தவேளை, மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் நீரால் அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளின் உயிர்கள் பறிபோயின. உழவு இயந்திரத்தின் உயரமும் பெரிய சில்லும் அன்று காக்கவில்லை.

மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள ஒரு ஜீப்பின் தளத்துக்கு மேல் அரையடி நீர் ஏறுவதாகக் கொள்வோம். உள்ளே நீர் புகுமுன், அது ஏறத்தாழ ஒரு கன மீற்றர் நீரை விலக்குகிறது. அந்நீரின் நிறை ஆயிரம் கிலோ. ஒரு சிறு ஜீப்பின் நிறையும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே வண்டி மிதக்கத் தொடங்கும். சில்லு நிலத்தை அழுத்தினாலன்றோ வலுவுக்குப் பயனுண்டு? மிதக்கும் வண்டிக்குச் சில்லு நான்காயினும் நாற்பதாயினும் ஒன்றே. எஞ்சினுள் நீர் புகுந்தாலோ, அது காற்றைப்போல் அமுங்காதாதலால் உள்ளிருக்கும் தண்டுகளையே வளைத்துவிடும். ஓடும் வெள்ளத்தின் முன் வண்டியைத் திருப்புபவரே தேர்ந்த சாரதி.

பொழுதுபோக்கின் எல்லை

குமண தேசிய பூங்காவினுள் குறித்த பாதையை விட்டு விலகி ஓட்டுவது குற்றம். பூங்காவுக்கு வெளியேயும் நமக்கொரு கடமை உண்டு. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்பது நம் முதுமொழி. அந்த அடம்பன் கொடியே கடற்கரை மணலைத் திட்டாகப் பிணைத்து வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் கடலின் சீற்றத்தைக் கண்ட மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் அத்திட்டுகளின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆமைகள் முட்டையிடுவதும் அம்மணலிலேதான். ஒருநாள் விளையாட்டுக்காகச் சில்லால் அதை அறுத்தெறிவது தகுமோ?

அம்மாணவரின் தந்தையார் இறுதியில் சிறியதொரு பழைய ஜீப்பையே வாங்கினார். “சேர், வாப்பா முதல் பாடமாக என்ன சொல்லித் தந்தார் தெரியுமா? வெள்ளம் நின்ற வீதியில் இறங்கி நடந்து பார்க்கக்கூட வேண்டாம், திரும்பி வா என்றார்” என்று அவர் கூறியபோது, என் கட்டுரை முழுவதையும் அத்தந்தையார் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார் என்று மகிழ்ந்தேன்.