கடலடி மின்வடம் பழுதானால் ஊர் இருளுமா?

2024 டிசம்பர் 25, நண்பகல். பின்லாந்திலிருந்து எஸ்டோனியாவுக்குக் கடலுக்கடியில் மின்சாரம் கொண்டுசென்ற எஸ்ட்லிங்க்-2 மின்வடம் திடீரெனச் செயலிழந்தது. அதன் திறன் 650 மெகாவாட். ஒரு கப்பலின் நங்கூரம் கடல்தரையில் இழுபட்டு வடத்தைச் சேதப்படுத்தியதா எனப் பின்லாந்து அதிகாரிகள் விசாரித்தனர். பழுதுநீக்க ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. ஆயினும் அன்று இரு நாடுகளும் இருளில் மூழ்கவில்லை. ஏன்?

மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். இச்சமநிலையைக் காட்டுவது அதிர்வெண். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது 50 ஹெர்ட்ஸ். மின்சாரம் பற்றாவிட்டால் அதிர்வெண் இறங்கும், மிகுந்தால் ஏறும். எனவே வடம் பழுதானபோது, மின்சாரம் பெற்றுவந்த எஸ்டோனியப் பக்கம் பற்றாக்குறை. அனுப்பிவந்த பின்லாந்துப் பக்கம் உபரி.

இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு மாணவர் மிதிகட்டையைக் கையால் சுற்றட்டும். மற்றொருவர் மடித்த துணியைப் பின்சக்கர டயரில் மெல்ல அழுத்தட்டும். துணிதான் மின்பளு. சுற்றுபவர் விசையைக் குறைத்தால் சக்கரம் வேகமிழக்கும். இது எஸ்டோனியாவின் நிலை. துணியைச் சட்டென எடுத்தால் வேகம் கூடும்; இது பின்லாந்தின் நிலை. விரல்கள் சக்கரக் கம்பிகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

பற்றாக்குறை ஏற்படும்போது கட்டமைப்பைக் காப்பவை மூன்று.

1. நிலைமம்: மின்னாக்கிகளின் கனமான சுழலும் பகுதிகள் உடனே நின்றுவிடுவதில்லை. அவற்றின் இயக்க ஆற்றல் முதல் சில நொடிகளைத் தாங்கும். எஸ்டோனியா அப்போது ரஷ்யாவையும் உள்ளடக்கிய பெரிய கட்டமைப்பில் இணைந்திருந்ததால், அதிர்ச்சியைப் பல மின்னாக்கிகள் பகிர்ந்துகொண்டன.

2. இருப்புத் திறன்: மிகப் பெரிய ஒற்றை இணைப்போ மின்நிலையமோ நின்றாலும் சமாளிக்கும் அளவு உற்பத்தித் திறன் எப்போதும் தயாராக வைக்கப்படுகிறது.

3. பளு துண்டிப்பு: இவையும் போதாதபோது, சில பகுதிகளின் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டு மற்ற பகுதிகள் காக்கப்படும்.

ஆக, எவ்வளவு மின்சாரம் போயிற்று என்பதைவிட, எவ்வளவு திடீரெனப் போயிற்று, கட்டமைப்பு எவ்வளவு தயாராக இருந்தது என்பவையே முக்கியம். சூரியத் தகடுகளில் சுழலும் பகுதி இல்லை. அவை பெருகும்போது நொடிக்குள் ஈடுசெய்யும் மின்கலங்கள் தேவைப்படுகின்றன.

நிலைமத்தைக் கற்பிக்கும்போது, பேருந்து திடீரென நிற்கையில் நாம் முன்னோக்கிச் சாயும் வழக்கமான எடுத்துக்காட்டோடு இதையும் சேர்த்துக் கூறுவோம். "பெரிய மின்நிலையம் ஒன்று இந்த நொடி நின்றால், நம் வகுப்பறை விளக்கை எது காக்கும்?" என்று மாணவர்களையே கேட்போம்.