சூடு போட்டுக்கொண்ட பூனைகள்!

'புலியைப் பார்த்து பூனை சூடு போட்டுக்கிச்சாம்' என்று உங்கள் பாட்டி ஒரு தடவையாவது உங்களை நக்கலடித்திருப்பார். பாவம் பூனை! அது பாட்டுக்கு கருவாடு, தூக்கம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. சூடு போட்டுவிட்டது மனுஷங்கதான். சோபாவில் படுக்கிற சைஸில் ஒரு சிறுத்தை வேண்டும் என்று அறுபது வருஷத்துக்கும் மேலாக அமெரிக்காவில் சிலர் மண்டையை உடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது கோடு இல்லை பாஸ்... புள்ளி! உடம்பு பூரா புள்ளி!

அந்த போட்டோக்களைப் பார்த்துவிட்டு, 'ஐயோ செம க்யூட்... வேலைக்குப் போனதும் மொதல் சம்பளத்துல இதான்' என்று கனவு காண்கிற கேஸா நீங்கள்? கொஞ்சம் பொறுங்க. பெங்கால், ஓசிகேட், எகிப்தியன் மௌ, சவானா... நாலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால் பழகிப் பார்த்தால் நாலும் நாலு திசை. சட்டையைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் ஜாதகத்தைப் புரட்டிவிடுவோம்.

டெல்லி கனெக்‌ஷன்!

முதலில் பெங்கால். உடனே 'கொல்கத்தா பூனையா?' என்று கேட்காதீர்கள். ஆசியக் காடுகளில் சிறுத்தைப் பூனை என்று ஒரு ஜீவன் இருக்கிறது. சைஸ் நம் வீட்டுப் பூனை அளவுதான், கால் மட்டும் கொஞ்சம் நீளம், உடம்பு முழுக்கக் கரும்புள்ளி. 1792-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது வங்காளத்தின் பெயரை ஒட்டி 'பெங்காலென்சிஸ்' என்று வைத்தார்கள். அந்தப் பெயரின் மிச்சம்தான் இந்த 'பெங்கால்'.

ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960-களின் தொடக்கத்தில் ஒரு சிறுத்தைப் பூனையை வாங்கி வளர்த்தார். அதற்குத் துணையாக இருக்கட்டுமே என்று ஒரு கறுப்பு வீட்டுப் பூனையை விட்டார். ரெண்டும் ஜோடி சேரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. சேர்ந்தது! குட்டியும் வந்தது. அப்புறம் குடும்பச் சூழ்நிலையால் அந்த முயற்சி அப்படியே நின்றுபோனது. மறுபடி தூசு தட்டியது 1980-ல். அப்போது கலிபோர்னியாவில் விலார்ட் சென்டர்வால் என்ற மரபியல் டாக்டர், பூனைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்வதற்காக சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து குட்டிகள் உருவாக்கி வைத்திருந்தார். ஆராய்ச்சி முடிந்த குட்டிகளை என்ன செய்வது? 'என்கிட்ட குடுங்க' என்று ஜீன் மில் வாங்கிக்கொண்டார்.

இங்கேதான் ஒரு சிக்கல். இந்த மாதிரி கலப்பில் பிறக்கும் முதல் சில தலைமுறை ஆண் பூனைகளுக்குக் குட்டி பிறக்காது. பெண்ணுக்குப் பிரச்னை இல்லை. ஸுவாலஜி படிக்கிறவர்கள் 'ஹால்டேன் விதி' என்று கை தூக்குவது தெரிகிறது, உட்காருங்க! ஆக, மாப்பிள்ளையை வெளியில்தான் தேட வேண்டும். ஜீன் மில் தேடிக்கொண்டு வந்த இடம் எது தெரியுமா? நம்ம டெல்லி மிருகக்காட்சி சாலை! 1982-ல் அங்கே காண்டாமிருகம் இருந்த அடைப்புக்குள் ஒரு அநாதைப் பூனை சுற்றிக்கொண்டிருந்தது. பளபளக்கும் தங்க நிற ரோமம், மேலே அழுத்தமான புள்ளிகள். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 'மில்வுட் டோரி ஆஃப் டெல்லி' என்பது அதற்குக் கிடைத்த ராஜ மரியாதைப் பெயர். இன்றைக்கு பெங்கால் பூனையின் ரோமத்தில் வெயில் பட்டால் ஜிகினா தூவினது போல மின்னுகிறதே, 'க்ளிட்டர்' என்று அதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அது இந்த டெல்லிக்காரர் கொடுத்த சீர்!

1991-ல் டி.ஐ.சி.ஏ. என்ற சர்வதேசப் பூனைகள் சங்கம் பெங்காலுக்கு சாம்பியன்ஷிப் அந்தஸ்து கொடுத்தது. சி.எஃப்.ஏ. என்கிற இன்னொரு பெரிய சங்கம் 'காட்டு ரத்தமா, வேணவே வேணாம்' என்று ரொம்ப வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்து, கடைசியில் 2016-ல்தான் கதவைத் திறந்தது.

பார்க்க எப்படி? சும்மா சொல்லக் கூடாது, ஹீரோ மெட்டீரியல். வெறும் புள்ளி மட்டும் இல்லாமல், நடுவில் ஒரு நிறம், சுற்றிலும் கறுப்பு என்று சிறுத்தைக்கு இருப்பது மாதிரி ரோஜாப்பூ வடிவப் புள்ளிகள். குணம்? சும்மா இருக்காது. அலமாரி உச்சி, கர்ட்டன் கம்பி, ஃப்ரிட்ஜ் மேல் என்று வீட்டில் எது உயரமோ அது அதன் சொத்து. தண்ணீர் என்றால் பல பெங்காலுக்குக் கொள்ளைப் பிரியம். குழாயைத் திறக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்காரரை ஓடவிட்ட கதைகள் ஏராளம். போர் அடித்தால் ஊரைக் கூட்டும் குரல். தினமும் அதோடு ஓடியாடி விளையாட நேரம் இல்லையென்றால், அது தன் விளையாட்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். உங்கள் செமஸ்டர் ரெக்கார்ட் நோட்டில்!

பேருல மட்டும்தான் ஓசி!

1964. மிச்சிகன் மாநிலம். வர்ஜீனியா டேலி என்பவர் கேட்டது வேறு, கிடைத்தது வேறு. சயாமீஸ் பூனையின் முகம், கை, கால் ஓரங்களில் அபிசீனியன் பூனையின் நிறம் வர வேண்டும் என்பது அவருடைய திட்டம். ரெண்டு இனத்தையும் கலந்தார், பிறந்ததை மறுபடி சயாமீஸோடு கலந்தார். வந்த குட்டிகளில் ஒன்று மட்டும் தந்த நிறத்தில், தங்கப் புள்ளிகளோடு விழித்துப் பார்த்தது. தென் அமெரிக்கக் காடுகளில் 'ஓசிலாட்' என்று புள்ளி போட்ட ஒரு காட்டுப் பூனை உண்டு. அதே சாயல்! டேலியின் மகள் 'ஓசிகேட்' என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, சரித்திரம் படைத்த அந்த முதல் குட்டி 'டோங்கா' என்ன ஆனது? குடும்பக் கட்டுப்பாடு செய்து பத்து டாலருக்கு விற்றுவிட்டார்கள்! இந்தப் பூனை சங்கதியைக் கேட்ட க்ளைட் கீலர் என்ற மரபியல் அறிஞர் துள்ளிக் குதித்து, 'பழைய எகிப்தில் இருந்த புள்ளிப் பூனையை இப்படி மறுபடி உருவாக்கலாமே' என்றார். நல்லவேளை, அப்பா அம்மா பூனைகள் வீட்டில்தான் இருந்தன. அதே ஜோடியை மறுபடி சேர்த்து இன்னொரு புள்ளிக்குட்டி வந்தது. உடம்பு கொஞ்சம் கட்டுமஸ்தாக இருக்கட்டும் என்று பிற்பாடு அமெரிக்கன் ஷார்ட்ஹேர் ரத்தமும் சேர்ந்தது. 1987-ல் சாம்பியன்ஷிப்.

கவனியுங்கள், இதில் ஒரு சொட்டுகூடக் காட்டு ரத்தம் கிடையாது. பார்க்கத்தான் காட்டான், பழக்கத்தில் பக்கத்து வீட்டுப் பையன். புதுசாக யார் வந்தாலும் முதல் ஆளாக வாசலுக்கு வரும். பந்தை வீசினால் நாய்க்குட்டி மாதிரி எடுத்து வரக் கற்றுக்கொள்ளும். சயாமீஸ் சொந்தம் என்பதால் அரட்டையும் உண்டு. ஒரே குறை, தனியாக விட்டுவிட்டுப் போனால் தாங்காது. நாள் பூரா காலேஜ், சாயங்காலம் கிரிக்கெட், ராத்திரி கம்பைன் ஸ்டடி என்று சுற்றுகிறவர்கள் வீட்டில் ஓசிகேட் வாடிப்போகும்.

இளவரசியின் பூனை

எகிப்தியன் மௌவின் கதையில் நிஜமான இளவரசியே வருகிறார். நாட்டை விட்டு வந்து ரோம் நகரில் இருந்த ரஷ்ய இளவரசி நடாலி ட்ரூபெட்ஸ்காய், 1956-ன் கடைசியில் மூன்று மௌ பூனைகளோடு அமெரிக்காவில் வந்து இறங்கினார். அங்கே இந்த இனம் தொடங்கியது அந்த மூன்றில் இருந்துதான். பழைய எகிப்து மொழியில் 'மௌ' என்றாலே பூனை என்றுதான் அர்த்தம். பூனைக்குப் பூனை என்றே பெயர்!

மற்ற மூன்றும் மனிதன் திட்டம் போட்டோ, தற்செயலாகவோ கலந்தவை. மௌவுக்குப் புள்ளி இயற்கையாக வந்தது. வெள்ளி, வெண்கலம், புகை நிறங்களில் வரும். நெல்லிக்காய்ப் பச்சைக் கண்கள். நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்து. எந்நேரமும் 'ஐயோ, பரீட்சைக்கு ஒண்ணும் படிக்கலையே' என்பது போன்ற ஒரு கவலை முகம். வயிற்றுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் தளர்வாக ஒரு தோல் மடிப்பு தொங்கும். ஓடும்போது காலை நன்றாக நீட்ட அது கை கொடுக்கும் என்பார்கள். வீட்டுப் பூனைகளில் வேகமானது எது என்று கேட்டால் பூனை ரசிகர்கள் இதைத்தான் கை காட்டுகிறார்கள். பார்வோன் காலத்து நேரடி வாரிசு என்ற பேச்சை மட்டும் கொஞ்சம் உப்புப் போட்டுக் கேளுங்கள். மரபணு ஆய்வுகள் அதற்கு அவ்வளவாகத் தலையாட்டவில்லை. போதாததற்கு, ஜீன் மில் டெல்லியில் இருந்து கொண்டுபோன பூனைகள் இந்த வம்சத்திலும் கலந்திருக்கின்றன. நம்ம ஊரு ரத்தம் எங்கெல்லாம் போயிருக்கு பாருங்க!

குணத்தில் மௌ கொஞ்சம் ரிசர்வ்டு டைப். வீட்டில் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்து அவர்களிடம் மட்டும் உயிராக இருக்கும். விருந்தாளி வந்தால் ஆள் எஸ்கேப். 'மியாவ்' என்று கத்துவதைவிட மெல்லிசாகக் குருவி மாதிரி குரல் கொடுப்பதுதான் அதற்குப் பிடிக்கும். சத்தம், கூட்டம், திடீர் பார்ட்டி இதெல்லாம் ஆகாது. பேச்சிலர் ரூமுக்கு இதை யாராவது சிபாரிசு செய்தால் நம்பாதீர்கள்.

அடேயப்பா சவானா!

ஆப்பிரிக்கப் புல்வெளியில் சர்வல் என்று ஒரு காட்டு விலங்கு. ஒட்டகச்சிவிங்கி போலக் கால், முறம் போலக் காது, பத்து கிலோவைத் தாண்டும் எடை. பென்சில்வேனியாவில் ஜூடி ஃப்ராங்க் என்பவரிடம் இருந்த ஆண் சர்வலுக்கும் சயாமீஸ் பெண் பூனைக்கும் 1986 ஏப்ரல் 7-ல் ஒரு குட்டி பிறந்தது. அதன் பெயரே 'சவானா'. நடக்கவே நடக்காத விஷயம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். சர்வலின் கர்ப்பகாலம் சுமார் 74 நாள், வீட்டுப் பூனைக்கு 65 நாள்தான். குட்டிகள் குறைப்பிரசவத்தில் போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு. 2001-ல் டி.ஐ.சி.ஏ. பதிவு, 2012-ல் சாம்பியன்ஷிப்.

இதில் 'எஃப்' கணக்கு ரொம்ப முக்கியம். அப்பா சர்வல் என்றால் எஃப்-1. தாத்தா சர்வல் என்றால் எஃப்-2. இப்படியே இறங்கும். எஃப்-5 பக்கம் வந்தால் பெரும்பாலும் சுறுசுறுப்பான, உயரமான ஒரு வீட்டுப் பூனை. கயிறு கட்டினால் கூடவே வாக்கிங் வரும். எஃப்-1 அப்படி இல்லை. ஒரு ஆளிடம் மட்டும் ஒட்டும், புது ஆளைக் கண்டால் சீறும், சுவர் சுவராக மூத்திரம் அடித்து எல்லை போடும். நின்ற இடத்தில் இருந்து எட்டடி எகிறும். இங்கிலாந்தில் எஃப்-1 வளர்க்க அபாயகரமான காட்டு விலங்குகளுக்கான லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா 2008-ல் 'இது தப்பிக் காட்டுக்குள் போனால் எங்கள் குட்டி விலங்குகள் காலி' என்று சவானா இறக்குமதிக்கே தடை போட்டது.

ஆசையாக வாங்கிவிட்டு, சமாளிக்க முடியாமல் வனவிலங்கு சரணாலயங்களின் வாசலில் கொண்டுபோய் நிற்பவர்கள் அமெரிக்காவில் நிறைய. அது வீட்டுக்கும் ஆகாது, காட்டுக்கும் ஆகாது. அந்த ஜீவன் எங்கே போகும்?

இந்தப் புள்ளி மோகத்தில் டகால்டி வேலையும் நடந்தது. 2007-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி 'ஆஷெரா' என்று புது இனம் அறிவித்தது. சர்வல், சிறுத்தைப் பூனை, வீட்டுப் பூனை மூன்றும் கலந்த ரகசிய ஃபார்முலாவாம். விலை 22,000 டாலர்! போட்டோவைப் பார்த்த பென்சில்வேனியா வளர்ப்பாளர் ஒருவர், 'ஏய், இது நான் வித்த சவானா ஆச்சே!' என்று கத்தினார். அடுத்த வருஷம் டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தார்கள். அவர் சொன்னதுதான் சரி!

புள்ளி யாருடையது?

இப்போது க்ளைமாக்ஸ் ட்விஸ்ட். பெங்காலின் சிறுத்தை லுக், சிறுத்தைப் பூனையிடம் இருந்துதானே வந்தது? அதான் இல்லை! நூற்றுக்கணக்கான பெங்கால்களின் டி.என்.ஏ.வை அலசிய அமெரிக்க விஞ்ஞானிகள் 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்றைய பெங்காலின் உடம்பில் சிறுத்தைப் பூனையின் பங்கு சராசரியாக மூன்று, நாலு சதவீதம்தான். அந்த மினுமினுப்பு, புள்ளிகளின் அழகு எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பூனைகளுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருந்த மரபணுக்கள். வளர்ப்பாளர்கள் அதைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியென்றால் காட்டு விலங்கை வீட்டுக்குள் இழுத்து வந்த கூத்தில் பாதி தேவையே இல்லாதது என்பது என் கட்சி. ஓசிகேட் அதைத்தான் 1964-லேயே செய்து காட்டியது!

ஒரு எச்சரிக்கை. பெங்காலின் மூதாதையான சிறுத்தைப் பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இருக்கிறது. நம் நாட்டிலும் இலங்கையிலும் இன்னொரு புள்ளிக்காரரும் உண்டு, துரு நிறப் புள்ளிகள் கொண்ட குட்டிக் காட்டுப் பூனை. முழுசாக வளர்ந்தாலே ஒன்றரை கிலோதான், உலகத்தின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. ரெண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. 'காட்டுல கிடைச்ச குட்டி மச்சி, பெங்கால் மாதிரியே இருக்கு, சீப்பா தர்றேன்' என்று யாராவது சொன்னால், வாங்கினாலும் ஜெயில், விற்றாலும் ஜெயில். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

புள்ளியே இல்லாமல் தூக்கம் வராது என்கிறீர்களா? ஹாஸ்டல் மெஸ் பின்பக்கம் மீன் குழம்பு நாளில் ஆஜராகுமே ஒரு சாம்பல் நிறக் கோட்டுப் பூனை, அதன் விலாப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். கோடு நேராக இறங்கி வந்து, பாதியில் உடைந்து, வயிற்றுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாகி இருக்கும். காண்டாமிருகத்தின் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருந்த டோரியும் அந்த ஜாதிதான்!