ஒரு டயர் மட்டும் புதுசு: மூன்று மில்லிமீட்டர் கணக்கு

சாலையோரக் கல்லில் உரசி டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் ஒட்டுப் போடலாம். பக்கச்சுவரோ வண்டி ஓடும்போது ஓயாமல் மடங்கி நிமிர்வது. அங்கே ஒட்டு நிற்காது. டயரை மாற்றியே ஆக வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. "ஒண்ணு மட்டும் மாத்துனா வண்டி இழுக்குமுங்க, நாலையும் மாத்திருங்க" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்பார் அடுத்த கடைக்காரர். இருவர் சொல்வதும் பாதி உண்மை. புது டயர் எந்த இடத்தில், எதற்கு ஜோடியாக உட்காருகிறது என்பதில் இருக்கிறது மீதி.

நேர்ச்சாலையில் கொண்டை ஊசி

புது கார் டயரில் பட்டனின் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. சட்டப்படி அது 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. டயரின் பள்ளத்துக்குள் விரலை ஓட்டிப் பார்த்தால் குறுக்கே சிறு மேடுகள் தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6-ஐத் தொட்டுவிட்டது என்று பொருள்.

185/65 ஆர்15 அளவுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது விட்டம் சுமார் 621 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் ஆறு குறைகிறது. சுற்றளவு 19 மி.மீ. குறைகிறது. ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. புதுசும் பழசும் ஒரே அச்சில் எதிரெதிரே இருந்தால், ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டின் ஓட்டத்திலும் பத்து மீட்டர் வித்தியாசம் விழுந்துவிடும். டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை அவ்வளவாக நீளம் மாறாது என்பதால் சாலையில் இது இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் இல்லாமல் போகாது.

இந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காகவே இந்தப் பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கார் ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றினால் வித்தியாசம் சுமார் 4.7 மீட்டர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது இப்படி நாற்பது வளைவுகள். இழுக்கும் அச்சில் பொருந்தாத ஜோடி டயரோடு ஓடினால், நேர்ச்சாலையில் கிலோமீட்டருக்கு இரண்டு கொண்டை ஊசி வளைவுக்கான வேலையை டிஃபரன்ஷியல் செய்துகொண்டே இருக்கும். கோவையிலிருந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ முந்நூறு வளைவு. வளைவில் மட்டும் விட்டு விட்டு உழைக்க வேண்டிய பற்களுக்கு ஓய்வே கிடைக்காது.

லாரிக்காரர்கள் அறிந்தது

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இது புதிய சேதி அல்ல. லாரியின் பின்னச்சில் உள் டயரும் வெளி டயரும் ஒரே ஹப்பில் சேர்த்து முடுக்கப்பட்டவை. நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். பெரிய டயர் பாரத்தை வாங்கிச் சூடாகும். சிறிய டயர் தரையில் தேய்த்து இழுபடும். அதனால்தான் பெரிய லாரி டயர்களுக்கு ஜோடியின் விட்டத்தில் அரை அங்குலத்துக்குமேல் வித்தியாசம் ஆகாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

தேய்ந்த லாரி டயரைத் தூக்கி எறியாமல் ரீட்ரேடு செய்யும் தொழிலும் கொங்கு மண்ணில் வேரூன்றியது. அதற்கான ரப்பரும் எந்திரமும் தயாரிக்கும் எல்ஜி ரப்பர் கோவை நிறுவனம்தான். ரீட்ரேடு பட்டறையில் முதல் பெரிய வேலை பஃபிங். காற்றடைத்த டயர் எந்திரத்தில் சுழலும். பல் வைத்த ராஸ்ப் மேலே உரச, பழைய பட்டன் தூள்தூளாகப் பறக்கும். கருகிய ரப்பர் நெடி மூக்கில் ஏறும். எல்லாப் பக்கமும் ஒரே வட்டமாகத் தேய்த்தெடுத்த பிறகே புதுப் பட்டை ஒட்டி, ஏறத்தாழ நூறு டிகிரிச் சூட்டில் வேக வைப்பார்கள்.

அமெரிக்காவில் புத்தம்புது கார் டயரையே இப்படிச் சீவித் தருகிறார்கள். அங்கே எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள் அதிகம். முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் கப்ளிங், டயர் அளவு மாறினால் சூடேறிக் கெட்டுவிடும். சில தயாரிப்பாளர்கள் சுற்றளவில் கால் அங்குல வித்தியாசத்தைக்கூட ஏற்பதில்லை. எனவே லேத்தில் இரும்பைக் கடைவதுபோல, சுழலும் டயரில் கத்தியை வைத்து, மற்ற மூன்றின் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

காசு கொடுத்து வாங்கியதைச் சீவி எறிவதா என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். மற்ற மூன்றிலும் 5 மி.மீ. மிச்சம் என்றால், புதுசில் 3 மி.மீ. சீவ வேண்டும், ஓடக்கூடிய 6.4 மி.மீ.இல் ஏறக்குறைய பாதி போகிறது. நான்கையும் மாற்றினாலோ, தலைக்கு 3.4 மி.மீ. ஆயுள் மிச்சமுள்ள மூன்று டயர்களை வீசுகிறோம், மொத்தம் 10.2 மி.மீ. சீவுவதே சிக்கனம். ஆனால் அதற்காக ரீட்ரேடு பட்டறைக்குப் போய்விடாதீர்கள். அங்குள்ள ராஸ்ப் பசை பிடிப்பதற்காகப் பரப்பைச் சொரசொரப்பாக்குவது. சாலையில் ஓடும் முகத்துக்கு ஆனதல்ல.

எங்கே போடுவது?

நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்ட், ஐ20 போன்ற பெரும்பாலான கார்கள் முன்சக்கர இழுவை. அவற்றின் பின்னச்சில் டிஃபரன்ஷியலே இல்லை. ஒரே அளவில் தேய்ந்த இரண்டை முன்னால் போட்டுவிட்டு, புதியதையும் மீதமிருப்பதில் நல்லதையும் பின்னால் போட்டால் பல்சக்கரத்துக்குத் தொல்லை இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூடச் சீவ வேண்டியதில்லை.

மழைக்கும் இதுவே சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவச் சாரல் இறங்கும் நாட்களில், தேய்ந்த டயர் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றத் திணறும். நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் வகுத்த சூத்திரப்படி, 32 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் தேங்கிய நீரில் மணிக்குச் சுமார் 94 கி.மீ. வேகத்தில் முழுதாக மிதந்துவிடும். முன்சக்கரம் மிதந்தால் வண்டி நேரே போகும். வேகம் குறைத்தால் பிடி திரும்பும். பின்சக்கரம் மிதந்தால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். ஆழமான பட்டன் பின்னால் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் டிஃபரன்ஷியல் பின்னால் இருக்கிறது. அவற்றுக்கு இரண்டு புதிதாக வாங்கிப் பின்னால் ஜோடியாகப் போடுவதே நல்லது. சக்கர வேகத்தை ஒப்பிட்டுக் காற்றழுத்தம் சொல்லும் வசதியுள்ள கார் என்றால், டயர் மாற்றியதும் அதை ரீசெட் செய்ய வேண்டும். இல்லையேல் வேகமாகச் சுற்றும் தேய்ந்த டயரைக் காற்று இறங்கிய டயராகவே அது எண்ணிக்கொள்ளும்.

ஸ்டெப்னியும் மற்றவற்றின் அளவிலேயே இருந்தால், பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை ஐந்தையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். ஒன்று கிழிந்தாலும் அதே அளவு தேய்ந்த இன்னொன்று டிக்கியில் தயாராக இருக்கும். கடையில் நான்கு என்றாலும் ஒன்று போதும் என்றாலும், ஆழமானியை ஒவ்வொரு டயரிலும் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். எண்கள் கையில் இருந்தால், எத்தனை வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.