தூசி எங்கே தங்கும்?

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் கல் உடைக்கும் இடங்கள் பல. அவற்றுக்குப் போகும் சாலையோரச் செடிகள் எல்லாம் ஒரே காற்றில்தான் நிற்கின்றன. ஆனாலும் ஒன்று வெளுத்துக் கிடக்கும், பக்கத்தில் இருப்பது பச்சையாகவே இருக்கும். இலைப் பரப்பின் அமைப்புதான் இதற்குப் பெரிய காரணம்.

ஒரு பொருளை எதிர்ப்படும் காற்று வளைந்து விலகிப் போகும். அதில் வரும் கனமான துகளால் அப்படித் திரும்ப முடியாது. நேரே வந்து மோதும். பொருள் எவ்வளவு மெலிதோ காற்றின் வளைவும் அவ்வளவு திடீரென்று நிகழும், துகளும் எளிதில் அகப்படும். மின்விசிறி இறக்கையில் காற்றைக் கிழிக்கும் விளிம்பில் அழுக்கு அப்புவதும் இப்படித்தான். அகன்ற இலையைவிட ஊசியிலை அதிகத் தூசியைப் பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

பிடிப்பது ஒன்று, வைத்திருப்பது வேறு. வழவழப்பான பரப்பில் விழுந்த துகள் அடுத்த காற்றிலேயே பறந்துவிடும். மயிரும் நரம்பு மேடுகளும் உள்ள இலை அதை விடாது. தாமரை, சேம்பு இலைகளோ நேர்மாறு: நுண்ணிய முகடுகள் மேல் மெழுகு படர்ந்திருப்பதால் தூசி நுனிகளில் மட்டுமே தொட்டு நிற்கும், உருளும் நீர்த்துளி அதை வாரிக்கொண்டு போகும். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் இதை விரிவாக விளக்கினார்.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகள். ரப்பர் மரத்தின் பட்டை ஓரளவு வழவழப்பானது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையையும் உதிர்த்துவிடும். செம்பனை ஆண்டு முழுவதும் பச்சை. வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் தண்டைச் சுற்றிக் கிண்ணங்கள்போல நிற்கும். அவற்றில் தூசியும் சருகும் சேர்ந்து மண்ணாகி, பெரணியே முளைக்கிறது. ஒரு பரப்பு எவ்வளவு சேர்த்துவைக்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேட வேண்டியதில்லை.

1997, 2015 ஆண்டுகளில் மலேசியாவைச் சூழ்ந்த புகைமூட்டம் வேறு வகை. அதன் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மோதும் அளவுக்குக் கனமில்லை, 0.1 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டவைபோல அலைந்து திரிந்து ஒட்டும் அளவுக்கு நுண்மையும் இல்லை. இலைகளுக்கு அவை எளிதில் சிக்குவதில்லை. என்95 முகக்கவசத்தின் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பது இந்த இடைவெளியை அடைக்கத்தான்: 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் குறைந்தது 95 விழுக்காட்டை அது தடுக்கும்.