கை முளைக்கும் ஓரம்

கருவுற்று நான்கு வாரமான மனிதக் கருவின் மாதிரி இது. உண்மை அளவு சுமார் 4 முதல் 5 மி.மீ. பக்கவாட்டில் தெரியும் சின்னப் புடைப்பைக் கூர்ந்து பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஸ்பேனர் பிடிக்கும் ஒவ்வொரு கையும் இப்படித்தான் தொடங்கியது.

புடைப்புக்குள் முதலில் தோன்றுவது எஃப்.ஜி.எஃப்.10 என்னும் வளர்ச்சிக் காரணிப் புரதம். அது மேல்தோலைத் தூண்டுகிறது. உடனே நுனி விளிம்பில் எஃப்.ஜி.எஃப்.8 சுரக்கிறது. அந்த விளிம்பு உள்ளிருக்கும் செல்களைப் பெருகவைக்க, கை நீள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் தூண்டிக்கொண்டிருப்பதுதான் இதில் வியப்பு. எஃப்.ஜி.எஃப்.10 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் கைகால்களும் இல்லை, நுரையீரலும் உருவாகவில்லை. 1998, 1999-ஆம் ஆண்டு ஆய்வுகள் இதைக் காட்டின.

சுண்டுவிரல் பக்கம் தோன்றும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம் விரல்களின் வரிசையை அமைக்கிறது.

முதலில் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். பி.எம்.பி. புரதங்கள் அங்குள்ள செல்களை மடியச் செய்வதால் விரல்கள் பிரிகின்றன. வௌவாலின் சிறகில் எஃப்.ஜி.எஃப்.8-உம் கிரெம்ளின் புரதமும் சேர்ந்து இதைத் தடுக்கின்றன. சவ்வு அப்படியே சிறகாக நிலைக்கிறது. ஊர் ஆலமரத்தில் பழந்தின்னி வௌவாலைக் கண்டால் பாருங்கள்: கட்டைவிரல் மட்டும் சவ்வில் சேராமல் கொக்கிபோல் தனியே நீட்டிக்கொண்டிருக்கும்.