நாலு பேருக்கு ஒரு குரங்கு

உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பெருந்துன்பங்கள். நமக்கோ ஒரு குரங்கு. ஒன்று என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் ஒரு கூட்டம்.

பல்லேபொலையில் நாம் குடியிருக்கும் வீட்டுக்கு வேறு குறையில்லை. கல்வீடு, வற்றாத கிணறு, வளவில் மாவும் பலாவும் கொய்யாவும். கல்லூரி விட்டு வந்து சாய்மனைக் கதிரையில் அமர்ந்தால் தேநீர் தானாக வரும். ('தானாக' என்ற சொல்லை இல்லாள் ஆட்சேபிக்கிறாள்.) ஆனால் பொழுது புலர்ந்ததும் கூரையில் தடதடவென்று ஓசை எழும். கொய்யாக்காயை ஒரு கடி கடித்து எறிவார்கள். கொடியில் காயும் வேட்டியை ஊஞ்சலாக்குவார்கள். ஒருநாள் மாணவன் ஒருவனின் விடைத்தாளையும் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டார்கள். "உன் விடைத்தாளைக் குரங்கு கொண்டுபோய்விட்டது, தம்பி" என்று அவனிடம் சொல்ல நேர்ந்தபோது, இருபது ஆண்டுகளாக மாணவர்கள் நம்மிடம் சொன்ன சாக்குகளையெல்லாம் மனத்துக்குள் மன்னித்தோம்.

இராமபிரானுடன் பாலங்கட்டி வந்தவர்களிற் சிலர் திரும்பிப் போகவில்லை என்பது நமது பழைய அபிப்பிராயம். விலங்கியலார் அதை ஒப்பவில்லை. இந்தச் செங்குரங்கு இலங்கையை அன்றி வேறெங்கும் இயற்கையாக இல்லையாம். 1771 இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் அறிஞர் இதற்குச் 'சினிக்கா', அதாவது சீனத்தது, என்று தவறாகப் பெயரிட்டார். 2023 இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தபோது, பெயரை மெய்ப்பிக்க முயல்கிறார்களோ என்று எண்ணினோம். எதிர்ப்பு வலுத்ததால் அது கைவிடப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் தேதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். ஓர் இராவணனுக்கு எதிராக அனுமன் மூட்டிய தீக்குப் பிறகு, தனியொரு குரங்கு இலங்கை முழுவதையும் கலக்கியது அன்றுதான்.

அடுத்த மாதம், மார்ச் 15 ஆம் தேதி சனிக்கிழமை காலை 8 மணி முதல் 8.05 வரை, அவரவர் வளவில் உள்ள குரங்கு, மயில், மரஅணில் முதலியவற்றை எண்ணும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. நாமும் படிவமும் பேனாவுமாக முற்றத்தில் நின்றோம். நாள் தவறாத விருந்தினர் அன்று ஒருவர்கூட வரவில்லை. படிவத்தில் பூச்சியம் எழுதினோம்.

8.10 க்குப் பக்கத்து வளவில் வெடிச்சத்தம் கேட்டது. அங்கே கணவரை இழந்த ஓர் அம்மா இருக்கிறார். பதினெட்டுத் தென்னைகளே அவருக்குச் சீவனம். அந்த வெடிச்சத்தத்தைப் பற்றி முறையிடுவதும் நமது வாடிக்கை. அன்றும் வேலியருகே சென்றோம். மரத்தடியெங்கும் குரும்பைகள் சிதறிக் கிடந்தன. அவர் தம் படிவத்தைக் காட்டினார். இருபத்துமூன்று!

"சேர், கோபிக்க வேண்டாம். சனிக்கிழமை தோறும் உங்கள் வீட்டில் வாழைப்பழம் வைக்கிறார்கள். அதற்கு வருகிறவர்கள் வழியில் என் தென்னையில் ஏறுகிறார்கள். உங்களுக்குப் போவது கொய்யா. எனக்குப் போவது மகளின் டியூஷன் காசு."

தேங்காய் ஒன்று இருநூறு ரூபாவைத் தாண்டிய காலம் அது. நமக்கு மறுமொழி வரவில்லை.

ஆஞ்சநேயருக்கென்று இல்லாள் பக்தியோடு வைத்த பழந்தான் அது. பெண்குரங்குகள் பிறந்த கூட்டத்தை விட்டு நீங்குவதில்லை; எந்த வீட்டில் எந்நாளில் உணவு கிடைக்கும் என்பதைக் குட்டிகள் தாயைப் பின்தொடர்ந்தே கற்றுக்கொள்கின்றன. அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர்கள் நாமே. மூடியில்லாத நம் குப்பைக்குழி அதன் போசனசாலை.

பின்னர் வெளியான கணக்கின்படி நாட்டில் குரங்குகள் 50 இலட்சத்துக்கு மேல். 2024 குடிசன மதிப்பீட்டில் மக்கள் ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். நாலு பேருக்கு ஒரு குரங்கு! ஐந்து நிமிடக் கணக்கை நம்பலாமா என்று அறிஞர்கள் கேட்டார்கள். நம் பூச்சியத்தை நினைத்தால், கேட்டது நியாயமே.

இப்போது சனிக்கிழமைப் பழம் கோயிலுக்கு வரும் பிள்ளைகளுக்குப் போகிறது. குழிக்கு மூடி போட்டாயிற்று. கூட்டம் முற்றாக ஒழியவில்லை. ஆயினும் வரவு குறைந்திருக்கிறது. சென்ற வாரம் அந்த அம்மா இரண்டு தேங்காய் கொடுத்தனுப்பினார்.

வேட்டி மட்டும் இன்னும் ஊஞ்சலாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றித் தொடர்ந்து முறையிடுவோம். அது நமது வேட்டி.