டிக்கியில் ஏறிய ஆய்வுக்கூடம்

ஃபோக்ஸ்வேகனின் டீசல் மோசடி 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகம் முழுக்க ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் தில்லுமுல்லு மென்பொருள் இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில நாட்களில் அதன் தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன் பதவி விலகினார். இவ்வளவுக்கும் பிள்ளையார் சுழி போட்டது, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழு கார்களில் ஏற்றிச் சென்ற அளவைக் கருவி.

புதிய கார் விற்பனைக்கு வருமுன் அதன் புகையைச் சோதிப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம்தான். ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. எந்த நொடியில் எந்த வேகம் என்பதுகூடத் திரையில் வரையப்பட்டிருக்கும். ஓட்டுநர் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தால் போதும். கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு நடத்தும் தேர்வு இது. ஸ்டீயரிங் எப்படித் திரும்புகிறது, வேகம் எவ்வளவு, என்ஜின் எவ்வளவு நேரம் ஓடியது, காற்றழுத்தம் என்ன என்பவற்றை வைத்து, நடப்பது சோதனையா இல்லையா என்று ஃபோக்ஸ்வேகனின் மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. சோதனை என்றால் மாசுக் கட்டுப்பாடு முழுமையாக வேலை செய்யும். சாலைக்கு வந்ததும் அடங்கிவிடும்.

அப்படியானால் ஆய்வுக்கூடத்தையே சாலைக்குக் கொண்டுபோனால் என்ன? இந்த யோசனை ஃபோக்ஸ்வேகன் விவகாரத்துக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1990-களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பொறியாளர் லியோ பிரெட்டன், ஓடும் வண்டியிலேயே புகையை அளக்கும் ‘ரோவர்’ என்ற கருவியை உருவாக்கினார். அதே காலத்தில் லாரி என்ஜின் நிறுவனங்கள் ஏழு சேர்ந்தாற்போல் மாட்டிக்கொண்டன. சோதனையில் ஒழுங்காக இருந்த என்ஜின்கள், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தாராளமாகக் கக்கின. 1998-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, ஓடும் லாரிகளில் அளந்து காட்டவேண்டிய கட்டாயம் அந்த நிறுவனங்களுக்கு வந்தது. அதற்கான நடமாடும் கருவியை வடிவமைத்தவர்கள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர். முதல் மோசடிக்காகப் பழகிய கைகள்தான் பிறகு அடுத்த மோசடியையும் பிடித்தன.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். புகையில் ஒரு வாயு எத்தனை பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. நொடிக்கு எவ்வளவு புகை வெளியேறுகிறது என்பதும் தெரியவேண்டும். இரண்டையும் பெருக்கி, கடந்த தூரத்தால் வகுத்தால்தான் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு கிடைக்கும். எனவே புகைக்குழாயின் வாயில் ஓட்டமானி பொருத்துகிறார்கள். அங்கிருந்து சூடாக்கப்பட்ட மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் புகை உள்ளே வருகிறது. சூடாக்காவிட்டால் டீசல் புகையின் ஹைட்ரோகார்பன்கள் குழாயிலேயே படிந்துவிடும். கார்பன் வாயுக்களை அகச்சிவப்புக் கதிர் காட்டிக்கொடுக்கும். நைட்ரஜன் ஆக்சைடுக்குத் தனிக் கருவி. ஜிபிஎஸ் இடத்தையும் ஏற்ற இறக்கத்தையும் சொல்லும். வெளிவெப்பத்துக்கு இன்னொரு உணரி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புகை குழாயில் பயணம் செய்து கருவியை அடைய நேரமாகும். ஓட்டமானியோ உடனுக்குடன் பதிவு செய்யும். இரண்டின் கடிகாரத்தையும் இசைக்காவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியின் மாசு வேறு நொடியின் கணக்கில் போய்ச் சேரும். குலுக்கல், வெயில், குளிர் எல்லாவற்றையும் கருவி தாங்கவும் வேண்டும். மின்சாரத்தைக் காரிலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்தால் என்ஜினின் சுமை கூடி, அளக்க வந்த மாசே மாறிவிடும்.

2013-இல் டான் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில், இந்தியாவிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மார்க் பெஷ்ஷும் இருந்தார்கள். வேலையைக் கொடுத்தது ஐ.சி.சி.டி. என்ற தூய போக்குவரத்து ஆய்வு அமைப்பு. மோசடியைப் பிடிப்பது அவர்கள் நோக்கமே அல்ல. அமெரிக்காவின் கடுமையான விதிக்கு உட்பட்டு டீசல் கார்கள் சுத்தமாக ஓடுகின்றன என்று காட்டி, ஐரோப்பாவையும் அந்த வழிக்குக் கொண்டுவர நினைத்தார்கள்.

மூன்று கார்கள்: ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, ஃபோக்ஸ்வேகன் பஸாட், பிஎம்டபிள்யூ எக்ஸ்5. கலிஃபோர்னியா அரசின் எல் மான்டே ஆய்வுக்கூடத்தில் ஃபோக்ஸ்வேகன் கார்கள் இரண்டையும் சோதித்தபோது குறையில்லை. பிறகு சாலைக்கு வந்தார்கள். பஸாட் மட்டும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பியது. கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். மின்சாரம் தந்த ஜெனரேட்டர் வழியில் படுத்தி எடுத்தது. ஜெட்டாவின் நைட்ரஜன் ஆக்சைடு, சட்டம் அனுமதித்ததைப் போல் 15 முதல் 35 மடங்கு. பஸாட்டில் 5 முதல் 20 மடங்கு. கருவியில்தான் கோளாறோ என்று யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் அதே கருவி பிஎம்டபிள்யூவைப் பெரும்பாலும் வரம்புக்குள்தான் காட்டியது. இந்த ஆய்வின் பலமே அந்த மூன்றாவது கார்தான் என்று சொல்லலாம்: டீசல் காரைச் சுத்தமாக ஓட்ட முடியும் என்பதற்கும் அது சாட்சி.

அறிக்கை 2014 மே மாதம் வெளிவந்தது. அரசு அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு காலம் சமாளித்துப் பார்த்தது. மறைக்க முடியாத நிலை வந்தபிறகுதான் உண்மையைச் சொன்னது.

2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் புதிய கார் ரகங்களுக்குச் சாலைச் சோதனை கட்டாயம். நகரம், கிராமப்புறம், நெடுஞ்சாலை என மூன்று வகைப் பாதைகளிலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டவேண்டும். இந்தியாவில் பிஎஸ்-6 விதிகளின் இரண்டாம் கட்டமாக இது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சிறிய டீசல் கார்களைச் சில நிறுவனங்கள் கைவிட்டதற்கு இதற்கேற்பக் கார்களை மாற்றும் செலவும் ஒரு காரணம்.

ஆனால் சாலைச் சோதனை தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய வண்டிகளுக்கான ஏற்பாடு. நாம் அவ்வப்போது சான்றிதழ் வாங்கப் போகும் புகைப் பரிசோதனை மையத்தில் வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது; டீசல் வண்டி என்றால் புகையின் கருமையை மட்டும் பார்க்கிறார்கள். ஃபோக்ஸ்வேகனைக் காட்டிக்கொடுத்த நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதே இல்லை.